சாணுக்கு ஒரு விதை: மக்காச்சோள விதைப்பில் ஸ்டெப்பர் மோட்டார்

ஒரு ஸ்டெப்பர் மோட்டாருக்கு 200 துடிப்புகள் கொடுத்தால் அதன் தண்டு சரியாக ஒரு சுற்று சுற்றி நிற்கும். 100 கொடுத்தால் அரைச் சுற்று. ஒன்றே ஒன்று கொடுத்தால் 1.8 பாகை நகர்ந்து, அந்த இடத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். மின்விசிறியிலும் கிரைண்டரிலும் இருக்கும் மோட்டாரிடம் 'சுற்று' என்று மட்டும்தான் சொல்ல முடியும். எவ்வளவு தூரம் என்று சொல்ல வழியில்லை. ஸ்டெப்பரோ எண்ணிக்கையை வாங்கிக்கொண்டு கோணமாகத் திருப்பித் தருகிறது. மரக் கதவில் பூவேலை செதுக்கும் சிஎன்சி இயந்திரமும், பிளாஸ்டிக் இழையை அடுக்கடுக்காகப் படிய வைக்கும் முப்பரிமாண அச்சு இயந்திரமும் இந்த ஒரு குணத்தை நம்பித்தான் ஓடுகின்றன.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் இந்தக் குணத்துக்கு இன்னொரு நல்ல வேலை உண்டு. அது மக்காச்சோள விதைப்பு. தமிழ்நாட்டில் மக்காச்சோளம் அதிகம் விளையும் மாவட்டங்களில் பெரம்பலூர் முன்வரிசையில் இருக்கிறது. வேப்பந்தட்டை, ஆலத்தூர், குன்னம் வட்டாரங்களின் கரிசல் காட்டில் பருத்தியும் மக்காச்சோளமும்தான் மானாவாரியின் முதுகெலும்பு. ஆவணி, புரட்டாசியில் மழை விழுந்து, மண் காலில் ஒட்டாத பதத்துக்கு வந்ததும் விதைத்தாக வேண்டும். கரிசலில் அந்தப் பதம் நெடுநாள் காத்திருக்காது. ஊரில் எல்லோரும் ஒரே வாரத்தில் விதைக்க இறங்குவதால் ஆள் கிடைப்பதில்லை. டிராக்டர் விதைப்பான்கள் பரவியதற்குப் பெரிய காரணம் அதுதான்.

வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்குப் பரிந்துரைக்கப்படும் இடைவெளி வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 25 செ.மீ. கையால் ஊன்றுகிறவர்கள் ஒரு சாண், ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதல் என்று விரலிலேயே அளந்துகொள்கிற தூரம் இது. கணக்குப் போட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 27,000 விதை, எடையில் 8 கிலோ. ஒரு குழியில் ஒரு விதைதான். நெல்லைப் போல மக்காச்சோளம் தூர் கட்டி இடைவெளியை நிரப்பாது. விதை விழாத இடம் அறுவடை வரை வெறுமையாகவே கிடக்கும். இரண்டு விதை சேர்ந்து விழுந்த இடத்தில் இரண்டு செடியும் வெளிச்சத்துக்கும் உரத்துக்கும் போட்டி போட்டு, இரண்டு கதிரும் சிறுத்துப் போகும். ஆகவே, மக்காச்சோளத்தில் விதைப்பு என்பது தூவும் வேலையாக இருக்க முடியாது, எண்ணும் வேலையாகத்தான் இருக்க முடியும்.

டிராக்டரில் பூட்டும் வழக்கமான விதைப்பான் இந்த எண்ணிக்கையைச் செயினை வைத்தே செய்துவிடுகிறது. தரையில் உருளும் ஒரு சக்கரத்திலிருந்து செயினும் பல்சக்கரமும் வழியாக விதைப்பெட்டிக்குள் ஒரு தட்டு சுழலும். தட்டின் விளிம்பில் விதை உட்காரும் குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழியும் ஒரு விதையை அள்ளி, குழாய் வழியாகச் சாலில் போடும். எளிமையான, உழைக்கிற அமைப்பு இது. குறை இரண்டு இடத்தில் தெரியும். 25 செ.மீ. இடைவெளியை 20 ஆக்க வேண்டுமானால் ஸ்பேனரை எடுத்துப் பல்சக்கரத்தை மாற்ற வேண்டும். கையிருப்பில் உள்ள பல்சக்கரங்கள் தரும் இடைவெளிகளைத் தவிர வேறெதுவும் கிடைக்காது. இரண்டாவது, தட்டைச் சுழற்றும் பாரம் முழுவதும் அந்தத் தரைச்சக்கரத்தின் மேல் விழுவதால் ஈர மண்ணில் அது சுழலாமல் இழுபட்டுப் போகும். சக்கரம் இழுபட்ட தூரம் முழுக்க விதை விழாது.

செயினை எடுத்துவிட்டு, தட்டுக்கு ஒரு மோட்டாரும் தரைச்சக்கரத்துக்குத் தூரத்தை அளக்கும் ஒரு உணரியும் வைத்தால் இந்த இரண்டு குறையும் பெருமளவு தீரும். சக்கரம் அப்போது எதையும் இழுக்க வேண்டியதில்லை. தான் உருண்ட தூரத்தைச் சொன்னால் போதும். வெளிநாட்டுப் பெருநிறுவனங்கள் பெரிய விதைப்பான்களில் இதைத்தான் மின்மோட்டார் வைத்துச் செய்கின்றன. ஜான் டியர் 2014-இல் அறிமுகம் செய்த எக்ஸாக்ட்எமர்ஜ் அப்படிப்பட்டது. அவற்றில் இருப்பவை விலையுயர்ந்த பிரஷ் இல்லா மோட்டார்கள். ஒரு வரிசை, இரண்டு வரிசை விதைப்பானுக்கு ஆர்டுயினோ ஊனோ என்னும் கட்டுப்படுத்தும் பலகை, ஒரு டிரைவர் போர்டு, ஒரு ஸ்டெப்பர் என்று கல்லூரிப் பட்டறையில் கிடைக்கும் சாமான்களை வைத்தே அதே தத்துவத்தைக் கட்டிப் பார்க்கலாம். பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்கள் இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தலைப்பு தேடும்போது, தானியங்கிக் குப்பைத்தொட்டியைவிட இது எவ்வளவோ மேல். வேலை கல்லூரி வாசலுக்கு எதிர்க்காட்டிலேயே இருக்கிறது.

மோட்டாரின் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் பின்னால் வரும் கோளாறுகள் பாதி புரிந்துவிடும். பொதுவாகக் கிடைக்கும் கலப்புவகை ஸ்டெப்பரின் சுழலியில் நிலைக்காந்தமும், அதைச் சுற்றி 50 பற்களும் உண்டு. வெளிக்கூட்டில் இரண்டு தொகுதிக் காயில்கள். ஒரு காயிலில் மின்சாரம் பாய்ந்தால் சுழலியின் பற்கள் அதற்கு நேராக வந்து நிற்கும். அடுத்த காயிலுக்கு மாற்றினால் கால் பல் தூரம் நகர்ந்து நிற்கும். இரண்டு காயில், ஒவ்வொன்றிலும் மின்சாரம் பாய இரண்டு திசை, ஆக நான்கு நிலை. நான்கு படி நகர்ந்தால் ஒரு பல் கடந்துவிடும். 50 பல்லுக்கு 200 படி.

இதிலிருந்து முக்கியமான ஒரு விளைவு வருகிறது. காயிலில் எந்த நிலை ஓடுகிறது என்பது மட்டுமே கட்டுப்படுத்தும் பலகைக்குத் தெரியும். சுழலி எந்தப் பல்லில் நிற்கிறது என்பது தெரியாது. பாரம் அதிகமாகிச் சுழலி பின்தங்கினால், அது அடுத்த பல்லுக்கோ முந்தைய பல்லுக்கோ வழுக்கி அங்கே நிம்மதியாக உட்கார்ந்துகொள்ளும். அதாவது படி தவறினால் ஒரு படி தவறாது, நான்கு நான்காகத்தான் தவறும். பலகையோ எல்லாத் துடிப்பும் நிறைவேறியதாகவே எண்ணிக்கொண்டிருக்கும். ஸ்டெப்பரைப் பயன்படுத்தும் கலை முழுவதும் இந்த எண்ணிக்கை பொய்யாகாமல் பார்த்துக்கொள்வதில்தான் இருக்கிறது. மின்னோட்டம், வோல்ட், வேகம், பல்லிணை எல்லாவற்றையும் அந்த ஒரு நோக்கத்தோடுதான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கற்கத் தொடங்குபவர்கள் கையில் முதலில் வருவது நீல மூடி போட்ட 28பிஒய்ஜே-48 என்னும் 5 வோல்ட் சிறு மோட்டாரும் யூஎல்என்2003 சில்லு உள்ள பச்சைப் பலகையும். மேசைமேல் பழக அது நல்லது; வயலுக்கு அதன் பலம் போதாது. ஆனாலும் அது ஒரு நல்ல பாடம் தருகிறது. அதன் உள்ளிருக்கும் பல்லிணையின் விகிதம் 64-க்கு 1 என்று சொல்லப்படும். அதை நம்பி அரைப்படி முறையில் ஒரு சுற்றுக்கு 4,096 படி என்று எழுதுவார்கள். பற்களை எண்ணிப் பெருக்கினால் வரும் உண்மையான விகிதம் 63.68 சொச்சம். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 4,076 படிதான் வேண்டும். 20 படி வித்தியாசம் ஒரு சுற்றில் கண்ணுக்குத் தெரியாது. 200 சுற்று ஓடியபின் முழுதாக ஒரு சுற்று கூடியிருக்கும். விதைப்பில் இப்படிப்பட்ட பிழை சால் முழுக்கச் சேர்ந்துகொண்டே போகும்.

வயல் வேலைக்குக் குறைந்தபட்சம் நீமா 17 அளவு மோட்டார் வேண்டும். நீமா 17 என்பது முகத்தகட்டின் அளவு மட்டுமே: 1.7 அங்குலம், அதாவது 42 மி.மீ. சதுரம், திருகுத் துளைகளுக்கிடையே 31 மி.மீ. பலத்தை அது சொல்லாது. அதே முகத்தில் குட்டையான மோட்டாரும் உண்டு, நீளமானதும் உண்டு. பரவலாகக் கிடைக்கும் 40 மி.மீ. நீளமுள்ளது ஏறத்தாழ 40 நியூட்டன்-செ.மீ. பிடிமானமும், காயிலுக்கு 1.5 முதல் 1.7 ஆம்பியர் வரை மின்னோட்டமும் கொண்டது. வெளியே வரும் நான்கு கம்பிகளில் எந்த இரண்டு ஒரு காயில் என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது; தயாரிப்புக்குத் தயாரிப்பு நிறம் மாறும். இரண்டு கம்பிகளைச் சேர்த்து முறுக்கிக்கொண்டு தண்டைக் கையால் திருப்பினால், ஒரே காயிலின் இரு முனையாக இருக்கும்போது தண்டு கட்டித்தட்டினாற்போல் இறுகும். மல்டிமீட்டர் இல்லாத இடத்திலும் இந்தச் சோதனை கைகொடுக்கும். ஒரு காயிலின் இரு முனைகள் இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும், அவ்வளவுதான். இரண்டு காயில்களின் கம்பிகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் சுற்றாமல் அதிர்ந்துகொண்டே நிற்கும்.

ஆர்டுயினோவின் ஒரு முனை பாதுகாப்பாகத் தரக்கூடியது 20 மில்லியாம்பியர். மோட்டாருக்கு வேண்டியது அதைப்போல ஐம்பது மடங்கு. இடையில் டிரைவர் போர்டு வருவது அதனால்தான். ஏ4988 என்னும் சில்லு உள்ள சிவப்பு அல்லது பச்சைச் சிறு பலகை இதற்கு மலிவாகக் கிடைக்கிறது. ஆர்டுயினோவிலிருந்து இரண்டே இரண்டு கம்பிகள் போனால் போதும்: ஒன்று 'ஸ்டெப்', இன்னொன்று 'டைரக்‌ஷன்'. ஸ்டெப் முனையில் மின்னழுத்தம் ஒருமுறை எழுந்தால் ஒரு படி; டைரக்‌ஷன் முனையின் நிலை திசையைச் சொல்லும். எந்தக் காயிலுக்கு எப்போது எவ்வளவு என்ற தலைவலியைச் சில்லே பார்த்துக்கொள்ளும். 'ரீசெட்', 'ஸ்லீப்' இரண்டையும் ஒன்றோடொன்று இணைக்க மறந்தால் பலகை அசையாது. புதிதாகக் கட்டுபவர்கள் மணிக்கணக்கில் தவிப்பது பெரும்பாலும் இந்த ஒரு கம்பியால்தான்.

இந்தச் சில்லு மின்னோட்டத்தைத் தானே வெட்டி வெட்டிக் கட்டுப்படுத்தும். உச்ச அளவைப் பலகையிலிருக்கும் சிறு திருகால் வைக்க வேண்டும். திருகின் மேல் அளக்கப்படும் மின்னழுத்தம், வேண்டிய ஆம்பியரையும் பலகையின் உணர்தடையையும் 8 ஆல் பெருக்கினால் வருவதற்குச் சமம். உணர்தடை 0.1 ஓம் என்றால் 1 ஆம்பியருக்கு 0.8 வோல்ட், 0.068 ஓம் என்றால் 0.54 வோல்ட். பலகையின் மேல் உள்ள குட்டி மின்தடையில் ஆர்100 என்றோ ஆர்068 என்றோ அச்சிட்டிருக்கும்; உருப்பெருக்கியால் பார்த்துவிட்டுத்தான் திருகைத் தொட வேண்டும். வேறொருவருடைய அளவை அப்படியே எடுத்துக்கொண்டால் மோட்டார் பலவீனமாகும், அல்லது சில்லு வேகும். பெரம்பலூர் வெயிலில் மூடிய பெட்டிக்குள் வைக்கும்போது வெப்பத் தகடு ஒட்டி, 1 ஆம்பியரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அப்போது 1.7 ஆம்பியர் மோட்டாரின் பிடிமானம் 40-இலிருந்து ஏறத்தாழ 24 நியூட்டன்-செ.மீ. ஆகக் குறையும். இந்தக் குறைவைக் கணக்கில் எடுக்காமல் மோட்டார் பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பித் திட்டமிடுவது தவறு.

மோட்டார் மின்சாரம் நுழையும் முனையில், பலகைக்கு மிக அருகில், 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி கட்டாயம். மின்சாரம் இருக்கும்போது மோட்டார் கம்பியைப் பிடுங்கினால் காயிலில் தேங்கிய ஆற்றல் சில்லைக் கொன்றுவிடும். டிராக்டரில் இந்த ஆபத்து சாதாரணம்: வயலில் கம்பி சோளத்தட்டையில் மாட்டி இழுபடும். பூட்டி இறுகும் வகை இணைப்பிதான் அங்கே தாங்கும்.

ஒரு முழுப்படியை இன்னும் சிறு படிகளாகப் பிரிக்கவும் ஏ4988-ஆல் முடியும். 'எம்எஸ்' என்று குறித்த மூன்று முனைகளில் எவற்றுக்கு 5 வோல்ட் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து முழுப்படி, அரை, கால், அரைக்கால், வீசம் என்று ஐந்து வகை. முதல் இரண்டு முனைக்கும் கொடுத்து மூன்றாவதை விட்டுவிட்டால் அரைக்கால் படி, அதாவது சுற்றுக்கு 1,600 துடிப்பு. சிறு படியால் துல்லியம் பெருகும் என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் ஓர் அரைக்கால் படி தள்ளும் விசை முழுப் பிடிமானத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட முழுதாகத் தேறாது. சிறு படியின் உண்மையான பயன் ஓட்டம் வழுவழுப்பாவது. முழுப்படியில் மெதுவாக ஓடும் ஸ்டெப்பர் குறிப்பிட்ட வேகத்தில் தன் அதிர்வோடு ஒத்ததிர்ந்து துள்ளும். விதைத்தட்டு அப்படித் துள்ளினால் குழியில் உட்கார்ந்த விதை வெளியே குதிக்கும்.

இனி விதையின் கணக்கு. தட்டில் 10 குழிகள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சுற்றுக்கு 10 விதை, 25 செ.மீ. இடைவெளியில் அது 2.5 மீட்டர் சால். சுற்றுக்கு 1,600 துடிப்பு என்பதால் ஒரு விதைக்கு 160, ஒரு மீட்டருக்கு 640 துடிப்பு. டிராக்டர் மணிக்கு 3 கி.மீ. வேகத்தில் போனால் நொடிக்கு 83 செ.மீ.; தட்டு நிமிடத்துக்கு 20 சுற்று, மோட்டாருக்கு நொடிக்கு 533 துடிப்பு. ஸ்டெப்பருக்கு இது நடை வேகம். மெதுவாகச் சுற்றும்போதுதான் அதன் பலம் முழுதாகக் கிடைக்கும்; வேகம் ஏறினால் காயிலில் மின்னோட்டம் நிரம்ப நேரம் போதாமல் பலம் சரியும். சிஎன்சி இயந்திரத்தில் பெரிய கவலையாக இருக்கும் வேக ஏற்றம், இறக்கம் இங்கே தேவைப்படுவதே இல்லை. நின்ற நிலையிலிருந்து நேராக இந்த வேகத்துக்குத் தாவினாலும் நீமா 17 படி தவறாது. தவிர, டிராக்டர்தான் மெல்ல நகர்ந்து வேகம் பிடிக்கப்போகிறது.

தூரத்தை அளக்க, தரைச்சக்கரத்தின் அச்சில் சுற்றுக்கு 600 துடிப்பு தரும் சுழல் உணரி ஒன்று போதும். சக்கரத்தின் சுற்றளவு 1.5 மீட்டர் என்றால் மீட்டருக்கு 400 துடிப்பு வரும். மோட்டாருக்கு வேண்டியது 640. ஆகவே உணரியின் 5 துடிப்புக்கு மோட்டாரின் 8 துடிப்பு. இந்த 8-க்கு 5 என்ற பின்னம்தான் கழற்றிய செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் மாற்று.

நிரலில் இதை எழுதும் வழி ஒன்றுதான் சரியானது, அது மிக எளியதும்கூட. வேகத்தை அளந்து, அதற்கேற்ப மோட்டார் வேகத்தை அமைக்கப் போகக் கூடாது; வேகத்தில் வரும் சிறு பிழை தூரத்தில் சேர்ந்துகொண்டே போகும். அதற்குப் பதில் ஒரு கூட்டுத்தொகையை வைத்துக்கொள்ள வேண்டும். உணரியிலிருந்து ஒரு துடிப்பு வந்ததும் தொகையில் 8 கூட்ட வேண்டும். தொகை 5 அல்லது அதற்கு மேல் இருக்கும்வரை மோட்டாருக்கு ஒரு துடிப்பு கொடுத்து 5 கழிக்க வேண்டும். முதல் துடிப்பில் 8: ஒன்று கொடுத்து மீதி 3. அடுத்தது 11: இரண்டு கொடுத்து மீதி 1. பிறகு 9, ஒன்று, மீதி 4. பிறகு 12, இரண்டு, மீதி 2. கடைசியில் 10, இரண்டு, மீதி பூச்சியம். ஐந்துக்கு எட்டு, மிச்சம் சொச்சமின்றி. தசமப் புள்ளியே இல்லாததால் நூறு ஏக்கர் விதைத்தாலும் கணக்கில் பிழை சேராது. டிராக்டர் நின்றால் மோட்டார் நிற்கும், ஊர்ந்தால் ஊரும். இடைவெளியை 20 செ.மீ. ஆக்க பின்னத்தை 2-க்கு 1 என்றும், 30 ஆக்க 4-க்கு 3 என்றும் மாற்றினால் போதும், ஸ்பேனர் வேண்டாம். ஊனோவின் 2, 3 ஆம் முனைகள் வெளிக் குறுக்கீட்டுக்கு உரியவை என்பதால் உணரியை அங்கே இணைக்க வேண்டும். நொடிக்கு 333 குறுக்கீடுகள் அந்தப் பலகைக்கு ஒரு பாரமே அல்ல.

உணரியில் இரண்டு வரிசைத் துடிப்புகள் வரும். எது முந்துகிறது என்பதை வைத்து முன்னே போகிறதா பின்னே போகிறதா என்று அறியலாம். வரப்போரம் திருப்பும்போது டிராக்டர் பின்னால் வரும். அப்போது விதை விழக் கூடாது. பின்னோக்கிய தூரத்தைக் கழித்துவைத்து, அதே தூரம் முன்னே வந்தபிறகு மறுபடி விதைக்கத் தொடங்கினால் சால் தொடர்ச்சியாக இருக்கும். விதைப்பானைத் தூக்கியதும் அழுந்தும் ஒரு லிமிட் சுவிட்ச் இருந்தால் மோட்டாரின் மின்னோட்டத்தை 'இனேபிள்' முனை வழியாக நிறுத்திவிடலாம். ஸ்டெப்பர் சும்மா நிற்கும்போதும் முழு மின்னோட்டத்தைக் குடித்துச் சூடேறும் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் சால் நடுவில் டிராக்டர் சற்றே நின்றதற்கெல்லாம் இப்படி நிறுத்தினால் தட்டு அதிர்வில் நகர்ந்து எண்ணிக்கை கெடும். தூக்கியபோது மட்டும் நிறுத்துவது சரி.

கரிசல் மண் இந்தக் கணக்கைத் தன் வழியில் சோதிக்கும். ஈரம் சற்றே கூடுதலாக இருந்தால் சக்கரத்தில் மண் அப்பிக்கொள்ளும். சுற்றிலும் 1 செ.மீ. கனத்துக்கு அப்பினாலே சுற்றளவு 6 செ.மீ.க்கு மேல் கூடிவிடும், 25 செ.மீ. இடைவெளி 26 ஆகும். மண்ணை வழிக்கும் தகடு ஒன்றைச் சக்கரத்தின்மேல் உரசாமல் உரசும் தூரத்தில் வைப்பதுதான் மருந்து. சுற்றளவையும் பட்டறைத் தரையில் அளந்த எண்ணாக வைத்துக்கொள்ளக் கூடாது. விதைக்கப் போகும் காட்டிலேயே சக்கரத்தைப் பத்துச் சுற்று உருட்டி, நாடாவால் அளந்து, பத்தால் வகுக்க வேண்டும். 1.47 மீட்டர் என்று வந்தால் பின்னம் 196-க்கு 125. எண் அழகாக இல்லையே என்று தோன்றும். கூட்டிக் கழிக்கும் முறைக்கு அது ஒரு பொருட்டல்ல. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரி வளரும் செம்மண்ணில் இந்த ஒட்டும் தொல்லை குறைவு. அங்கே சக்கரம் மணலில் புதைவதுதான் சுற்றளவை மாற்றும். ஆகவே காட்டுக்குக் காடு ஒருமுறை அளந்துகொள்வது நல்லது.

எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி தட்டுக்கும் பெட்டி அடிக்கும் இடையே சிக்கும் ஒரு விதைதான். பெரிய விதை ஒன்று குழி விளிம்பில் பாதி உட்கார்ந்தபடி கத்தரிபட்டால், அந்தக் கணம் தேவைப்படும் விசை சாதாரண ஓட்டத்தைப்போலப் பல மடங்கு. மோட்டார் 'கிர்ர்' என்று உறுமி ஒரு பல் வழுக்கும். ஒரு பல் என்பது 7.2 பாகை, சுற்றில் ஐம்பதில் ஒரு பங்கு; சாலில் அது 5 செ.மீ. ஆக, ஒரு வழுக்கலுக்கு அந்த இடைவெளி 25-இலிருந்து 30 ஆகும். ஐந்து வழுக்கினால் ஒரு விதையே காணாமல் போகும். 5-க்கு 1 பல்லிணைப் பெட்டி ஒன்றை மோட்டாருக்கும் தட்டுக்கும் நடுவில் வைத்தால் தட்டில் கிடைக்கும் விசை ஏறத்தாழ ஐந்து மடங்காகும். அப்படியும் வழுக்கினால் 1 செ.மீ. மட்டுமே கெடும். அப்போது மீட்டருக்கு 3,200 துடிப்பு வேண்டும். உணரியின் இரண்டு வரிசைகளின் எல்லா ஏற்ற இறக்கத்தையும் எண்ணினால் மீட்டருக்கு 1,600 கிடைக்கும். பின்னம் 2-க்கு 1. அந்த இரண்டு துடிப்புகளையும் ஒட்டி ஒட்டி அனுப்பாமல், இடையில் சில நூறு மைக்ரோ நொடி விட்டு அனுப்ப வேண்டும். மோட்டார் நிமிடத்துக்கு 100 சுற்று ஓடும்; அதுவும் சுலபமான வேகம்தான்.

ஸ்டெப்பருக்குக் கண் இல்லாததால் ஒரு கண்ணை வெளியே வைத்துவிடுவது நல்லது. விதைக்குழாயின் நடுவில் ஒரு பக்கம் அகச்சிவப்பு எல்இடி, எதிர்ப்பக்கம் ஏற்பி. விதை கடக்கும்போது ஒளி மறைபடும். ஒரு விதைக்குரிய துடிப்புகள் போனபின்னும் ஒளி மறைபடவில்லை என்றால் அது ஒரு இடைவெளி. மூன்று தொடர்ந்து வந்தால் ஓட்டுநர் காதில் பஸ்ஸர் அலற வேண்டும். பெட்டியில் விதை தீர்ந்தாலும், குழாய் மண்ணடைத்தாலும், மோட்டார் வழுக்கினாலும் இந்த ஒரே சத்தம் போதும். வெயில் ஏற்பியின்மேல் விழாதபடி குழாய் கறுப்பாகவும் மூடியும் இருக்க வேண்டும். விதை மருந்தின் தூள் கண்ணை மறைக்குமென்பதால் பெட்டி நிரப்பும்போதெல்லாம் ஒரு துணியால் துடைக்க வேண்டும். செயின் விதைப்பானில் விதை விழாமல் போனதை ஒரு வாரம் கழித்து முளைப்பில்தான் பார்க்க முடியும். பதம் போனபின் அந்த வெறுஞ்சாலை நிரப்புவது எவ்வளவு கடினம் என்பது மானாவாரிக்காரர்களுக்குத் தெரியும். மோட்டார் வைப்பதால் வரும் நன்மைகளில் இந்தப் பஸ்ஸர்தான் முதலிடம் பெறத் தகுந்தது.

மின்சாரம் டிராக்டர் பேட்டரியிலிருந்தே வரலாம். 12 வோல்ட் என்று பெயர். இன்ஜின் ஓடும்போது 14-ஐத் தொடும், ஸ்டார்ட்டர் இழுக்கும்போது சடாரென்று விழும், பேட்டரி முனை தளர்ந்தால் கணநேரம் பல மடங்கு எகிறும். ஏ4988-இன் தாங்குதிறன் 35 வோல்ட் வரைதான். ஆகவே பேட்டரியிலிருந்து முதலில் ஃபியூஸ், அடுத்து எகிறலை விழுங்கும் டிவிஎஸ் டையோடு, பிறகுதான் டிரைவர். ஆர்டுயினோவுக்குத் தனியாக 5 வோல்ட் தரும் சிறு பக் கன்வர்ட்டர் வேண்டும். பலகையிலேயே இருக்கும் ரெகுலேட்டரின் தலையில் எல்லாப் பாரத்தையும் போட்டால் அது கொதிக்கும். ஆர்டுயினோ, டிரைவர், உணரி மூன்றின் கிரவுண்டும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். உணரிக் கம்பி நீளமாக இருந்தால் வலையுறை போட்ட கேபிள். இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டரின் இரைச்சல் துடிப்பாக எண்ணப்பட்டு, நின்ற டிராக்டரிலிருந்து விதை கொட்டும்.

இரண்டு வரிசைக்கு இரண்டு மோட்டார், இரண்டு டிரைவர். உணரியும் ஊனோவும் ஒன்றே போதும். வரிசைக்கொரு கூட்டுத்தொகை வைத்துக்கொண்டால் இரண்டாவது வரிசையை அரை விதைத் தூரம் தள்ளித் தொடங்கி, செடிகள் முக்கோணமாக அமையும்படியும் செய்யலாம். ஒரு பொது அச்சை வைத்து இதைச் செய்வது பெரும்பாடு. நீமா 17-இன் பலம் போதாத பெரிய தட்டுக்கு நீமா 23 மோட்டாரும் டிபி6600 டிரைவரும் வைத்தால், நிரலில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை. அதுவும் துடிப்பையும் திசையையும்தான் கேட்கிறது.

காட்டுக்குக் கொண்டுபோகும் முன் சோதனை எளிது. விதைப்பானை முட்டுக் கொடுத்துத் தூக்கி, லிமிட் சுவிட்சைக் கையால் விடுவித்து, குழாய் வாயில் ஒரு பையைக் கட்டி, தரைச்சக்கரத்தைக் கையால் பத்துச் சுற்று சுற்ற வேண்டும். 15 மீட்டர் ஓடியதற்குச் சமம். பையில் 60 விதை இருக்க வேண்டும். 57 என்றால் தட்டுக் குழி விதை அளவுக்குச் சிறியது, அல்லது மோட்டார் வழுக்குகிறது. 64 என்றால் குழி பெரியது, இரட்டை விதை விழுகிறது. எது என்பதை மோட்டாரின் சத்தமும் கண் உணரியின் எண்ணிக்கையும் காட்டிக் கொடுத்துவிடும். அதன்பின் கடினத் தரையில் டிராக்டரோடு மெல்ல ஓட்டி, ஈர மணல் பரப்பிய பத்து மீட்டரில் விழுந்த விதைகளுக்கிடையே நாடா வைத்து அளக்க வேண்டும். தட்டு ஒரே சீராகச் சுழன்றாலும் விதை குழாயின் சுவரில் மோதி மோதி விழுவதால் சில செ.மீ. முன்னே பின்னே இருக்கும். அந்த ஏற்ற இறக்கத்தைக் குறைக்க நிரலைத் திருத்திப் பயனில்லை. குழாயைக் குட்டையாக்கி, வழுவழுப்பாக்கி, வாயைச் சாலுக்கு அருகில் இறக்க வேண்டும். மாவட்டத்துக்கொன்றாக வாலிகண்டபுரத்திலும் சோழமாதேவியிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. தட்டின் குழி அளவை எந்த ரகத்துக்கு எவ்வளவு என்று தீர்மானிக்கும்போது அங்கே விதையைக் காட்டிக் கேட்டுக்கொள்ளலாம். கடைசி அளவு முளைப்பில்: விதைத்த ஒரு வாரத்தில் ஒரு சாலில் நாடாவை நீட்டிப் பத்து மீட்டரில் நாற்பது முளை எண்ணிப் பார்ப்பது.